கடலை மிட்டாய்த் தாளில் கிராம் கணக்கு ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தை மாதம் முதல் நம் கடையில் கடலை மிட்டாய் ஒரே அளவுத் துண்டுகளாக, தனித்தனித் தாளில் சுற்றி வருகிறது. தாளின் மேல் ‘எடை 20 கிராம், வெல்லம் 8 கிராம், மொத்த மாவுச்சத்து சுமார் 9 கிராம்’ என்று அச்சிட்டிருக்கிறோம். மாவுச்சத்து என்று இங்கே சொல்வது கார்போஹைட்ரேட்டை; வெல்லத்தின் சர்க்கரையும் அதில் அடக்கம். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடியிருக்கிறது. “கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மிட்டாயில் என்ன கிராம் கணக்கு?” என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். கல்லாவில் கூட்டத்துக்கு நடுவே பாதி பாதியாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு பள்ளி மாணவி. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. படிக்கிற பிள்ளை என்பதால் பெயரை எழுதவில்லை. மாலையில் பள்ளி விட்டதும் பஸ் வரும் வரை தோழிகள் மூன்று பேரோடு நம் கடை வாசலில் நிற்பாள். இனிப்பென்றால் அவளுக்கு உயிர். தேங்காய்ப்பூ தூவிய வட்ட மிட்டாய்தான் வேண்டும் என்பாள். ஒரு முறை வழக்கமான வெல்லம் கிடைக்காமல் வேறு மண்டியில் வாங்கியிருந்தோம். முதல் கடியிலேயே, “வெல்லம் மாறியிருக்கிறதே அண்ணாச்சி” என்றாள். அப்படிப்பட்ட நாக்கு! ஆனாலும் கையில் காசிருந்தாலும் ஒரு துண்டுக்கு மேல் வாங்கிப் பார்த்ததில்லை. தோழிகள் இன்னொன்று கேட்டால், “நாளைக்கும் கடை இருக்கும்” என்று நடையைக் கட்டுவாள்.

போன ஆண்டு குழந்தைகள் தினத்துக்குச் சில நாள் முன்பு, வகுப்புக்கு மிட்டாய் ஆர்டர் கொடுக்கத் தோழிகளோடு வந்தாள். எத்தனை வேண்டும் என்று கேட்பதற்குள் அவள் என்னைக் கேட்டாள்: “ஒரு துண்டில் எத்தனை கிராம் வெல்லம் இருக்கும் அண்ணாச்சி?” எதற்கம்மா என்றேன். பக்கத்தில் நின்ற தோழியைக் காட்டி, “இவளுக்கு ஊசி போடக் கணக்கு வேண்டும்” என்றாள்.

அந்தத் தோழிக்கு டைப் 1 சர்க்கரை நோய். இதைப் பற்றி நம் ஊரில் தவறான பேச்சு நிறைய உலவுகிறது. இது இனிப்புத் தின்றதால் வந்த நோய் அல்ல. தாய் தகப்பன் செல்லம் கொடுத்ததால் வந்ததும் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே திசை மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதன்பின் நாள் தவறாமல் இன்சுலின் செலுத்தித்தான் ஆக வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் இந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரோடு வைத்திருக்க முடிந்ததே தவிர, காப்பாற்ற வழியில்லை. இன்று மருத்துவர் கற்றுக்கொடுத்த கணக்குப்படி, சாப்பிடும் மாவுச்சத்துக்கு ஏற்ற அளவு இன்சுலின் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைகள் இட்லியும் சாப்பிடலாம், அளவோடு மிட்டாயும் சாப்பிடலாம். அளவு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் வகுப்பில் மிட்டாய் கொடுக்கும்போதெல்லாம், “உனக்கு வேண்டாம்மா” என்று அந்தப் பெண்ணை மட்டும் தாண்டிப் போய்விடுவார்களாம். அன்போடுதான் சொல்கிறார்கள். இருந்தாலும் நாற்பது பேர் வாய் அசையும்போது தான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். அதே நாள்தான் உலக நீரிழிவு தினமும். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பான்டிங் பிறந்த நாள் அது. அந்த நாளிலாவது தோழி விட்டுப்போகக் கூடாது என்பதுதான் இவர்கள் நால்வரின் எண்ணம். அந்த ஆர்டருக்கு மட்டும் ஒவ்வொரு துண்டாகத் தராசில் நிறுத்துக் கொடுத்தோம்.

அடுத்த மாதம் அரையாண்டுத் தேர்வு சமயத்தில் நடந்ததை, அந்தத் தோழியின் அம்மா கடைக்கு வந்தபோது சொன்னார். தேர்வு முடிந்து வெளியே வந்த பிள்ளைக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. சர்க்கரை இறங்கிவிட்டது. கூட இருந்தவர்கள் பதறி, பையிலிருந்த கடலை மிட்டாயை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். நம் மாணவி அதைத் தடுத்து, குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்திருக்கிறாள். கடலையில் கொழுப்பு அதிகம், அது சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, கருவியில் மறுபடி சர்க்கரையைப் பார்த்து, ஏறியது உறுதியான பிறகுதான் மிட்டாயைக் கொடுத்திருக்கிறாள். திரும்ப இறங்காமல் தாங்குவதற்கு அப்போது அது நல்லது. இதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்களுக்கும்தான்.

மிட்டாயை விற்கிறவன் அதில் என்ன இருக்கிறது என்பதைத் தாளிலேயே சொல்லிவிடலாமே என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

சொல்வது எளிது, செய்வது வேலை. பாகு பதத்துக்கு வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் ஊற்றி, உருட்டுக் கட்டையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கத்தி போட வேண்டும். ஆறினால் கோடு போன வழியில் உடையாது, தன் இஷ்டத்துக்கு நொறுங்கும். எத்தனை கைத்தேர்ச்சி இருந்தாலும் நடுவில் ஒரு கனம், ஓரத்தில் ஒரு கனம் வந்துவிடும். அதனால் பலகையைச் சுற்றி ஒரே உயரத்தில் சட்டம் அடித்தோம். கத்திக்கும் கோல் வைத்தோம். பலகைக்கு ஐந்து துண்டு எடுத்து நிறுக்கிறோம். ஒரு கிராம் முன்பின் இருந்தால் சரி, அதைத் தாண்டினால் அந்தப் பலகை முழுவதும் உடைசல் விலைக்குப் போகும். கூடிய பத்து ரூபாய் இந்த உடைசலுக்கும், சுற்றும் தாளுக்கும், சுற்றுகிற பெண்களின் கூலிக்கும் ஆகிறது.

பக்குவத்தில் கை வைக்கவில்லை. அதே கரிசல் நிலத்துக் கடலை, அதே வெல்லம், மூன்று பங்குக்கு இரண்டு பங்கு. 2020-இல் நம் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தச் சுவைக்காகத்தானே.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “வெல்லம்தானே, சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது” என்று சொல்லிக்கொண்டே இரண்டு மூன்று எடுத்து வாயில் போடுகிறீர்கள். வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நம் மிட்டாய் மூன்று துண்டில் 24 கிராம் வெல்லம். நோய் இல்லாதவர்களுக்கே சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலைக் காப்பியையும் அதில் சேர்த்துப் பாருங்கள். கடைக்காரனே இதைச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் நீண்ட காலம் வந்து வாங்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

தாளில் உள்ளது எங்கள் கைப்பக்குவத்துக்கான கணக்கு. வேறு கடை மிட்டாய்க்கு இது பொருந்தாது. இன்சுலின் அளவை உங்கள் மருத்துவர் சொன்னபடியே முடிவு செய்யுங்கள். எள் மிட்டாயும் இதே பலகையில்தான் தேய்க்கிறோம் என்பதால், கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். உடைசல் வழக்கம்போல் நிறுத்துத் தருவோம், அதற்குத் தாள் கிடையாது.

வரும் நவம்பர் 14-க்கு மொத்தமாக வேண்டும் என்கிற பள்ளிகள் ஐப்பசி முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் வெல்லம் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், பாகை ஒரு பதம் கூட்டி எடுக்க வேண்டும், வேலை மெதுவாகத்தான் நடக்கும். வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை துண்டும் கணக்கில் இருக்கட்டும். சர்க்கரை நோய் உள்ள பிள்ளை யாரேனும் இருந்தால் முதல் நாளே தாளை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஆர்டரோடு வெறும் தாள்கள் சிலவற்றையும் சேர்த்து வைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் கடலை மிட்டாய்க் கடை,
கோவில்பட்டி