நான்கு கதவு உள்ள வண்டி

தங்கச்சிமடம்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அங்கே ஆஸ்திரேலியாவில் நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

மீன் பிடிக்கப் போவதற்காக நீ பார்த்து வைத்திருக்கும் வெள்ளை வண்டியின் படங்கள் ஆறும் வந்து சேர்ந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தொலைபேசியில் கருத்துச் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும் என்பதால் இப்படி எழுதுகிறேன்.

வண்டி நல்ல வண்டிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டீசல் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, மணலில் இருந்து மீள்வதற்கு லோ ரேஞ்ச் என்ற மெதுவான, வலுவான கியர், லாரியைப் போலத் தனியான அடிச்சட்டம், எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதற்கு இரண்டே கதவுகள். ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று. அதற்குப் பின்னால் முழுவதும் திறந்த தட்டு. நான்காவது படத்தில் அந்தத் தட்டின் ஓரத்தில் ஒரு மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அது விற்கிறவருடையதா, உன்னுடையதா என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கடற்கரை மணலில் ஓடும் வண்டியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலையைத் திறக்கும் வரையில், அந்த மணலில் ஜீப் ஓட்டித்தான் உன்னையும் உன் தங்கையையும் படிக்க வைத்தேன். சாலை வந்த பிறகு யார் வேண்டுமானாலும் தனுஷ்கோடிக்குப் போகலாம், சின்னக் காரில்கூடப் போகலாம். அதற்கு முன்னால் மணல் யாரை விடும், யாரை விடாது என்பது டயரில் இருக்கும் காற்றைப் பொறுத்திருந்தது. சாலையில் 35 பவுண்டு காற்று இருக்கிறது என்றால் மணலில் 18க்கு இறக்க வேண்டும். அப்போதும் புதைந்தால் 15. காற்று குறைந்த டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் மணலில் படியும். அந்த நீளம்தான் வண்டியைத் தாங்குகிறது. ஆகவே அகலமான டயர் மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதே. அந்தப் பணத்தில் நல்ல கம்பிரசர் ஒன்று வாங்கு. இறக்கிய காற்றைத் திரும்ப அடைக்காமல் தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வீடு திரும்பினால் டயர் சூடேறி வெடிக்கும்.

எங்களிடம் அந்தக் காலத்தில் மானி கிடையாது. வால்வில் தீக்குச்சியைக் குத்திக்கொண்டு எண்ணுவோம். எண்ணுவது உன் வேலையாக இருந்தது. சக்கரத்துக்கு அறுபது. நீ முப்பத்தொன்பதுக்குப் பிறகு நேராக ஐம்பதுக்குப் போய்விடுவாய். நான்கு சக்கரத்திலும் ஒரே மாதிரி தப்பு செய்ததால் காற்றும் ஒரே அளவில்தான் இறங்கியது. நான் திருத்தவில்லை.

இப்போது நீ சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். சிங்கிள் கேப், அதாவது முன்வரிசை இருக்கை மட்டும் உள்ள இந்த வண்டி, விலை குறைவு, சுமை அதிகம் தாங்கும், பின் தட்டு இரண்டரை மீட்டர் நீளம் இருப்பதால் தூண்டில் கோல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, படகையும் இழுக்கலாம் என்கிறாய். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உன்னுடைய கோல் பன்னிரண்டு அடி. ஆனால் அது இரண்டு துண்டாகக் கழலும் என்று நீயேதான் காட்டினாய்; கழற்றினால் ஆறடி. ஆறடிக் கோலுக்காக யாரும் வண்டி வாங்குவதில்லை. ஒரு பிவிசி குழாயைக் கூரைக் கம்பியில் கட்டி, உள்ளே துணி சுற்றிப் போட்டால் போதும். படகு என்கிறாய். அந்த அலுமினியப் படகும் அதன் எஞ்சினும் டிரெய்லரும் சேர்ந்து 500 கிலோ வந்தால் பெரிது. 750 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக்கூட வேண்டாம் என்பதுதானே உங்கள் நாட்டுச் சட்டம். 3,500 கிலோ இழுக்கும் வண்டி உனக்கு எதற்கு? அந்த 3,500 என்ற எண்ணை நம்பி வாங்குகிறவர்கள், அவ்வளவு எடையைக் கட்டினால் கொக்கியின் மேல் மட்டுமே 350 கிலோ அழுத்தும் என்பதையும், அதை வண்டியின் சுமையில் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் பார்ப்பதில்லை.

இப்படிப் பின்னால் தட்டு உள்ள ஹைலக்ஸ், டி-மேக்ஸ் வண்டிகளே நான்கு கதவுடனும் வருகின்றன. டூயல் கேப் என்கிறார்கள். தட்டு ஒரு மீட்டர் அளவுக்குக் குறையும். ஐஸ் பெட்டி ஒன்று, இரைப் பெட்டி ஒன்று, மண்வெட்டி, கயிறு எல்லாவற்றுக்கும் அது போதும். நடுவில் ஸ்பேஸ் கேப் என்று ஒன்று உண்டு. அதன் பின்னால் மடக்கி வைக்கும் சின்ன இருக்கை இருக்கும், அது ஆள் உட்காருவதற்கு இல்லை, பை வைப்பதற்கு. அதைக் காட்டி இதிலும் நான்கு பேர் போகலாம் என்று சொல்லிவிடாதே. விலைதான் தடை என்றால் ஜிம்னியைப் பார். நம் நாட்டில் குர்கானில் செய்து உங்கள் ஊருக்கு அனுப்பும் நீளமான ஜிம்னிக்கு ஐந்து கதவு. என் பழைய ஜீப்பைப் போல ஏணி வடிவ அடிச்சட்டம், தரைக்கும் வண்டிக்கும் 210 மில்லிமீட்டர் இடைவெளி, வண்டியும் எடை குறைவு. மணலில் எடை குறைந்த வண்டிக்கு நிகர் கிடையாது. 1,300 கிலோ இழுக்கும். உன் படகுக்கு இரண்டு மடங்குக்கு மேல். பின்னால் சாமான் வைக்கும் இடம் குறைவுதான், ஐஸ் பெட்டியைச் சின்னதாக வாங்க வேண்டி வரும். ஆனால் இருக்கை இருக்கிறது.

டீக்கடையில் என் மகன் பெர்த்தில் வீச்சுத் தூண்டிலில் பெரிய பெரிய மீனாகப் பிடிக்கிறான், லான்சலின் என்ற ஊருக்கு நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் வருகிறான் என்று சொல்லாத நாள் இல்லை. தனுஷ்கோடிக்குத் தெற்கே அலையடிக்கும் நம் ஆண்கடலும் நீ நிற்கும் கரையும் ஒரே இந்தியப் பெருங்கடல்தான் என்று வாத்தியார் ஒருவர் அங்கேயே வரைபடம் வரைந்து காட்டினார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் ஞாயிறு மதியம் திரும்புகிறவன் இரவு எங்கே படுக்கிறான் என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. கூட யார் போகிறார்கள் என்றும் கேட்டார்.

நான்கு வாரமாக வீடியோவில் பேசும்போது மருமகள் குளித்துக்கொண்டிருக்கிறாள் அல்லது கடைக்குப் போயிருக்கிறாள். வேலை இருக்கும் என்று நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதைப் பற்றி எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாப்பாவுக்கு ஆறு வயது. ஏழு வயது வரைக்கும் குழந்தைக்கென்று தனி இருக்கை கட்டித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று நீதான் சொன்னாய். இந்த வெள்ளை வண்டியில் அதை எங்கே கட்டுவாய்?

பழைய வண்டி வாங்குவதானால் கடலில் இறங்கிய வண்டியா என்று பார்க்கத் தெரிய வேண்டும். வெளியே பெயின்ட் அடித்திருப்பார்கள், அதைப் பார்க்காதே. சீட் பெல்ட்டை அதன் கடைசி வரைக்கும் இழுத்துப் பார். யாரும் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவுவதில்லை, தண்ணீர் நின்ற கோடு அதில் பழுப்பாக நிற்கும். இருக்கையின் அடியில் கையை விட்டு, இருக்கை நகரும் தண்டவாளத்தை இறுக்கியிருக்கும் போல்ட்டைத் தொட்டுப் பார். விரலில் துரு ஒட்டினால் விட்டுவிடு. பிரேக் குழாயில் வெள்ளை பூத்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார். டீசல் வண்டியில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் என்ற பெட்டி இருக்கிறது. நீ வேலைக்கு ரயிலில் போய்விட்டு வாரம் முழுவதும் வண்டியைக் கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும், சரிசெய்யப் பெரும் செலவு. ஆட்டோமேட்டிக் கியர் வேண்டாம் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அது என் தவறு. மணலில் கியர் மாற்ற ஒரு நொடி கால் எடுத்தாலே வேகம் செத்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் அது இல்லை. வாங்கிய பிறகு, புதைந்தால் சக்கரத்தைச் சுழற்றாதே, வந்த தடத்திலேயே பின்னால் எடு. எடுக்க முடியாவிட்டால் நாங்கள் பனை மட்டை போட்டோம். நீங்கள் பிளாஸ்டிக் பலகை போடுகிறீர்கள், வேலை ஒன்றுதான். இழுக்கும் கயிற்றை டிரெய்லர் கட்டும் உருண்டையில் மாட்டவே மாட்டாதே; அது பிய்ந்து பறந்தால் கண்ணாடியை உடைத்து ஆளைக் கொல்லும். உங்கள் கடலில் நீர் ஏறுவதும் இறங்குவதும் நம் கடலைப் போலவே ஒரு மீட்டருக்குக் குறைவு என்றாய். ஏறும் நீரைப் பற்றி எனக்கும் பயமில்லை. வீங்கி வரும் அலைதான் இரவில் கரை மேல் ஏறி வண்டியைத் தேடும்.

கை பிரேக்கைப் பற்றி எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் நேற்று இரவு வரைக்கும் இருந்தேன்.

1997 பங்குனியில் ஆண்கடல் பக்கம் ஜீப் தண்ணீருக்குள் போன இரவில், "பையன் கை பிரேக்கை எடுத்துவிட்டான்" என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். உன் மாமா இன்றைக்கும் உன்னைக் "கை பிரேக்" என்றுதான் கூப்பிடுகிறார். உன் கல்யாணத்தில் மருமகள் வீட்டாரிடமும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். எடுத்துவிடுவதற்கு அந்த வண்டியில் கை பிரேக்கே இல்லை. அதன் கேபிள் உப்பில் அரித்து, அதற்குப் பதினொரு நாள் முன்பே அறுந்துபோயிருந்தது. சீசன் முடியட்டும் என்று நான் மாற்றவில்லை. கியரில் போட்டு நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றும் கியரில்தான் நிறுத்தினேன். ஆனால் மணலைத் தாண்டியதும் நான்கு சக்கர இழுவையில் இருந்து எடுத்த சின்ன லீவர் நடுவில் நின்றுவிட்டது. அது நடுவில் நின்றால் எந்த கியரில் போட்டிருந்தாலும் சக்கரம் தன் போக்கில் உருளும். ஒரு பாறை மீன் அடித்தது என்று நான் தங்கூசித் தூண்டில் நரம்போடு ஓடினேன். நீ இடது இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு, குடிசைக்காரர்கள் கயிற்றோடு வருவதற்குள் நான் திரும்ப இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, இருட்டில் தடவிப் பார்த்தேன். லீவர் நடுவில் செங்குத்தாக நின்றது. அதை முன்னால் தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல வந்தேன். நீ அதைப் பார்த்தாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்பது வயதில், சட்டையெல்லாம் ஈரமாக, "நான் தூங்கினேன்" என்றுகூட நீ சொல்லவில்லை.

உப்புத் தண்ணீர் குடித்த அந்த ஜீப்பில் அதற்குப் பிறகு சுற்றுலாக்காரர்களை ஏற்ற முடியவில்லை, மீன் ஏற்றினேன். இடது இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஐஸ் பெட்டி வைத்தேன். நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் விடியற்காலையில் தூண்டிலை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். "இடம் இல்லையே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த இருக்கை அப்போது பின்பக்கத்துத் தாழ்வாரத்தில்தான் கிடந்தது. நான்கே போல்ட். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் என் சட்டைப் பையில் இருந்தது. கால் மணி நேரம் பிடித்திருக்கும். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை, நானும் மாட்டவே இல்லை. தனியாகப் போவது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. அம்மாவிடம் பேச வேண்டியவற்றைப் பேசாமல் இருப்பதற்கு மீனைவிட நல்ல காரணம் கிடைக்காது.

வரும் ஐப்பசியில் உன் மாமா மகள் கல்யாணத்தில் அந்தக் கதையை யார் எடுத்தாலும் நான் எழுந்து சரியாகச் சொல்வேன். லீவர் நின்ற நிலையையும் சேர்த்துச் சொல்வேன்.

வெள்ளை வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா என்று உடனே எழுது. கொடுத்திருந்தால் போகட்டும், குறைவாக நினைக்காதே, இங்கிருந்து ஏதாவது அனுப்புகிறேன். நான்கு கதவு உள்ள வண்டியைப் பார்க்கும்போது கதவு நான்கையும் திறந்து வைத்து, பின் இருக்கை முழுவதும் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பு. பாப்பாவின் உயரம் இப்போது எத்தனை சென்டிமீட்டர் என்று மருமகளிடம் கேட்டு அதையும் எழுது.

அன்புடன்,
அப்பா