கார்டில் இருந்தது ஃபிராங்க், செலவானது யூரோ

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
பயண அட்டைப் பிரிவு.

பொருள்: போதிய சுவிஸ் ஃபிராங்க் இருந்தும் யூரோவிலிருந்து பணம் எடுத்து, மாற்றுக் கட்டணம் வசூலித்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் பன்னாட்டுப் பண அட்டையை நான் வாங்கியதற்கு ஒரே காரணம், அதன் விளம்பரத்தில் இருந்த ஒரு வரி: "ஏற்றிய நாணயத்திலேயே செலவு செய்யுங்கள், மாற்றுக் கட்டணம் கிடையாது." அதை நம்பித்தான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே 800 சுவிஸ் ஃபிராங்க்கும் 900 யூரோவும் ஏற்றிக்கொண்டேன். சுவிட்சர்லாந்தில் என்ன செலவாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் அந்த 800. கணக்கு தப்பவில்லை. அங்கே என் மொத்தச் செலவு 754 ஃபிராங்க். ஊர் திரும்பும்போது கார்டில் 46 ஃபிராங்க் மிச்சமிருக்க வேண்டும். இருந்ததோ 680.

பணம் மிச்சமானதற்குப் புகாரா என்று கேட்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் விடுதியில் அறை எடுத்தபோது, வாடகைக்கும் முன்வைப்புக்கும் சேர்த்து 450 ஃபிராங்க்கை என் கார்டில் பிடித்து வைத்தார்கள். இது எல்லா விடுதியிலும் நடப்பதுதான், அதில் எனக்குக் குறையில்லை. பணம் அவர்கள் கைக்குப் போகாது, நம் கார்டிலேயே பூட்டிக் கிடக்கும். ஆனால் உங்கள் ஆப் அந்தப் பூட்டைக் காட்டவே இல்லை. இருப்பு 800 என்றே காட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் நான் செலவழிக்க முடிந்தது 350 மட்டும்.

சில்லறைச் செலவுகளுக்கு 120 ஃபிராங்க் போனது. மூன்றாம் நாள் 244 ஃபிராங்க்குக்கு ரயில் பாஸ் எடுத்தேன். பூட்டாத இருப்பு 230. அதாவது 14 ஃபிராங்க் குறைவு. அந்த 14-ஐ மட்டும் யூரோவிலிருந்து எடுத்திருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். உங்கள் அமைப்பு 244-ஐயும் முழுசாக யூரோவிலிருந்து எடுத்துவிட்டது. அன்றைய விகிதம் ஒரு ஃபிராங்க்குக்கு 1.05 யூரோ. 256.20 யூரோ போயிருக்க வேண்டிய இடத்தில் 265.17 போனது. 3.5 சதவீதம் நாணயம் மாற்றும் கட்டணமாம்.

அறையைக் காலி செய்த நாளில் இதைவிடப் பெரிய அடி. விடுதிக்காரர்கள் பிடித்து வைத்த தொகையிலிருந்து கழிக்காமல், 390 ஃபிராங்க்கைப் புதுப் பரிவர்த்தனையாகப் போட்டுவிட்டார்கள். பழையதை விடுவிக்கச் சொல்லி அன்றே தகவலும் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். நீங்கள் விடுவித்தது 12 நாள் கழித்து. அதற்குள் இந்த 390-உம் யூரோவிலிருந்தே போய்விட்டது, அதே 3.5 சதவீதத்தோடு: 409.50-க்குப் பதில் 423.83 யூரோ. இரண்டும் சேர்த்து நான் கூடுதலாகக் கொடுத்தது 23.30 யூரோ.

23 யூரோவுக்கா இவ்வளவு நீளக் கடிதம் என்று தோன்றலாம். தொகை சின்னதுதான். ஆனால் அது அதோடு நிற்கவில்லை. செலவாகாமல் போன 634 ஃபிராங்க்கை இப்போது நான் உங்களிடமே திருப்பி விற்க வேண்டும். நீங்கள் விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவே இன்றைக்கு 6 சதவீத இடைவெளி இருக்கிறது. விற்றால் இன்னும் சுமார் 38 ஃபிராங்க் நஷ்டம். வாங்கும்போது ஒரு லாபம், செலவழிக்கும்போது ஒரு லாபம், திருப்பிக் கொடுக்கும்போது ஒரு லாபம். ஒரே பணத்தில் மூன்று முறை சம்பாதிக்கும் கார்டுக்கு "கட்டணம் கிடையாது" என்று பெயர்!

அடுத்தது உங்கள் உதவி மையம். ரயில் பாஸ் விஷயத்தைக் கேட்க அன்று இரவே உங்கள் ஆப்பின் சாட்டில் பேசினேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் சொன்ன யோசனை இது: "இனிமேல் இயந்திரம் எந்த நாணயம் என்று கேட்டால் உங்கள் நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள் சார், குழப்பம் இருக்காது." அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். எனக்கு இது முதல் பயணம், நம்பிவிட்டேன். யூரோ புழங்கும் அடுத்த நாட்டில் ஏடிஎம்மில் 100 யூரோ எடுக்கும்போது அப்படியே செய்தேன்.

அந்த ஏடிஎம் தன் விகிதத்தில் 9 சதவீதம் கூட்டி, 100 யூரோவை என் நாட்டுப் பணமாக மாற்றியது. இதைத் திரையிலேயே எழுதிக் காட்டியது. படிக்காமல் அழுத்தியது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கார்டில் என் நாட்டுப் பணமே இல்லை. அதனால் உங்கள் அமைப்பு அதைத் திரும்பவும் யூரோவாக மாற்றி, அதற்கும் 3.5 சதவீதம் போட்டது. யூரோ இருந்த கார்டிலிருந்து யூரோ எடுக்க 112.82 யூரோ! உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இரண்டு மாற்றமும் இருந்திருக்காது. நாணயக் கார்டு விற்கிறவர்களின் உதவி மையத்துக்கே இது தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொன்று. உங்கள் மாதக் கணக்கில் எந்த வரியிலும் மாற்று விகிதம் இல்லை, கட்டணமும் தனியாக இல்லை. "265.17 யூரோ" என்று ஒரே தொகை. கார்டு வலைப்பின்னல் (விசா, மாஸ்டர்கார்டு போன்றவை) வெளியிடும் அன்றைய விகிதத்தைத் தேடி எடுத்து, நானே வகுத்துப் பார்த்துத்தான் அந்த 3.5-ஐக் கண்டுபிடித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019-இல் வந்த ஒரு விதி (2019/518), ஒன்றியத்துக்குள் கடையிலோ ஏடிஎம்மிலோ இப்படி நாணயம் மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று காட்டச் சொல்கிறது. அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தும் என்று நான் வாதாடவில்லை. ஏடிஎம் திரையில் காட்ட முடிகிற எண்ணை உங்கள் கணக்குத்தாளில் காட்ட ஏன் முடியாது என்றுதான் கேட்கிறேன்.

சரி, எனக்கு என்ன வேண்டும்? கூடுதலாக எடுத்த 23.30 யூரோவைத் திருப்பித் தர வேண்டும். 634 ஃபிராங்க்கை நான் வாங்கிய அதே விலைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏடிஎம்மில் இழந்த 12.82 யூரோவில் அந்த 9 சதவீதத்தை நான் கேட்கவில்லை, உங்கள் பங்கு 3.82-ஐ மட்டும் கொடுங்கள். சாட் உரையாடலின் படமும் இணைப்பில் இருக்கிறது. அப்புறம், பிடித்து வைத்த தொகையை ஆப்பில் தனியாகக் காட்டுங்கள். அது மட்டும் முன்பே இருந்திருந்தால், ரயில் நிலையத்தில் நின்றபடியே இன்னும் 14 ஃபிராங்க் ஏற்றியிருப்பேன், ரயில் பாஸ் வம்பே வந்திருக்காது.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை அந்த ஃபிராங்க்கை விற்கப் போவதில்லை, கார்டிலேயே இருக்கட்டும். ஆறு மாதம் பயன்படுத்தாத கார்டுக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு என்று உங்கள் விதிமுறையின் கடைசிப் பக்கத்தில் பார்த்தேன். இந்தப் புகார் முடியும்வரை அதையும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அட்டைதாரர்