தம்பி, வெறுங்காலை நம்பிக் காட்டுக்குள் இறங்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட படத்தைப் பார்த்தேன். அலுவலக நண்பர்களோடு தெற்கு டெக்சாஸில் கொட்டுல்லா பக்கம் ஒரு ராஞ்சுக்கு, அதாவது பெரிய மேய்ச்சல் பண்ணைக்கு, காடை வேட்டைக்குப் போவதாக எழுதியிருந்தாய். ஆரஞ்சுச் சட்டை, தொப்பி, கண்ணாடி, காதடைப்பான், தண்ணீர்ப் பை எல்லாம் கட்டில்மேல் வரிசையாக இருந்தன. கட்டிலுக்குக் கீழே நீ தினமும் காலையில் ஓடப்போகும்போது போடுகிற வலைத்துணி ஷூ. அதைப் பார்த்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். ஊரிலிருந்து டெக்சாஸுக்கு வந்து முதல்முறை வேட்டைக்குப் போகிற பிள்ளைகள் உன்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

பாம்புக்கடி தாங்குகிற பூட்ஸ் வாங்கினாயா என்று சித்தி கேட்டதற்கு நீ எழுதிய பதில் இது: "நான் சீமைக்கருவேலங்காட்டுல செருப்போட வளந்தவன்மா." அந்த ஒரு வரிதான் என்னைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் அந்த ராஞ்சில் போய் இறங்கியதும் நம் முதுகுளத்தூர்ப் பக்கம் வந்துவிட்டது போலவே உனக்கு இருக்கும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. இங்கே மெஸ்கீட் என்கிற மரம் நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். இலை, முள், நெற்று எல்லாம் ஒரே சாடை. அதன் கரியில்தான் இங்கே இறைச்சி சுடுகிறார்கள், நம் ஊரில் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றுகிற மாதிரி. சப்பாத்திக்கள்ளி புதர் புதராக நிற்கும். கள்ளியும் சீமைக்கருவேலமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நம் ஊருக்கு வந்தன. நீ அவற்றின் தாய்வீட்டுக்குப் போகிறாய். வெயில் அதே வெயில், மண் அதே வறண்ட மண். கால் தானாகவே ஊர் நடை நடக்கத் தொடங்கிவிடும்.

ஆனால் அந்தக் கள்ளிப் புதருக்கு அடியில் குச்சியும் சருகும் கள்ளித் துண்டும் குவிந்து ஒரு மேடு இருந்தால், அது வுட்ராட் என்கிற எலி கட்டிய கூடு. எலி இருக்கிற வளையில் வேறு யார் குடியிருப்பார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருப்பது வெஸ்டர்ன் டைமண்ட்பேக், ராட்டில்ஸ்நேக் என்று இங்கே சொல்கிற, வாலில் கிலுகிலுப்பை வைத்திருக்கிற பெரிய விரியன். நாலு அடி சாதாரணம், அதற்கு மேலும் வளரும். அதன் விஷப்பல் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளம்.

சரி, ஊர்க் கதைக்கே வருகிறேன். என் அப்பாவை உனக்கு நொண்டி நடக்கிற பெரியப்பாவாகத்தான் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கரிமூட்டத்துக்குக் கட்டை வெட்டப் போனவரைச் சுருட்டை விரியன் கடித்தது. ஒரு முழம்கூட இல்லாத பாம்பு. துண்டால் இறுக்கிக் கட்டினார்கள், அரிவாள் நுனியால் கீறினார்கள், அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. ஆனால் கால் புண்ணாகி மாசக்கணக்கில் ஆறாமல், கடைசியில் இரண்டு விரலை எடுக்க வேண்டிவந்தது. அவர் காலில் இருந்தது டயர்ச் செருப்பு. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "நான் பூச்சியைப் பாக்கவே இல்ல. மரத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

செருப்போடு வளர்ந்தவர்கள் எல்லாரும் தப்பித்துவிடவில்லை, தம்பி. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். நீயும் நானும் கடி வாங்காமல் வளர்ந்தது நம் அதிர்ஷ்டம். அதைத் திறமை என்று எடுத்துக்கொள்ளாதே.

"இருளர்கள் வெறுங்காலோடு போய்ப் பாம்பே பிடிக்கிறார்களே" என்று நீ கேட்பாய். பிடிக்கிறார்கள். 1978-இல் தொடங்கிய வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர்கள் எடுத்துக்கொடுக்கிற விஷத்திலிருந்துதான் நாட்டுக்கே விஷமுறிவு மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் புளோரிடாவரை வந்து, அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது நான் அழுதேவிட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அவர்கள் தேடுவது பாம்பை. அவர்கள் கண் முழுக்கத் தரையில்தான் இருக்கும். மண்ணில் ஒரு தடம், ஒரு சட்டை, ஒரு பொந்து எதுவும் தப்பாது. நீ தேடப்போவது காடையை.

காடை வேட்டையில் கண் எங்கே போகும் என்று உனக்கு இன்னும் தெரியாது. நாய் மோப்பம் பிடித்துச் சிலை மாதிரி நின்றுவிடும். நீ அதன் பக்கவாட்டில் மெதுவாக நடந்து போவாய். திடீரென்று காலடியிலிருந்து பத்துப் பதினைந்து பறவைகள் படபடவென்று ஒரே நேரத்தில் எழும்பும். நெஞ்சே நின்றுவிடும் சத்தம் அது. அந்த நொடியில் உன் கண் வானத்தில், கை துப்பாக்கியில், மனசு நாயும் நண்பர்களும் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதில். சுட்ட பறவை விழுந்ததும் அது விழுந்த புல்லிலிருந்து பார்வையை எடுக்காமல் நேராக அங்கே நடக்கச் சொல்வார்கள். எடுத்தால் இடம் தவறிப்போய்விடும். அதாவது கீழே பார்க்காமல் நடப்பதுதான் இந்த வேட்டையின் முறையே. கட்டை வெட்டும்போது அப்பா மரத்தைப் பார்த்த மாதிரிதான் இதுவும். எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் அந்த இருபது முப்பது எட்டுக்குக் கால் குருடாகத்தான் நடக்கும். அந்தக் குருட்டு எட்டுகளுக்காகத்தான் காலில் கவசம்.

என் காலில் அது நடந்தது ஒரு பிப்ரவரி மாதம். காலையில் ஸ்வெட்டர் போடுகிற குளிர், மதியம் நல்ல வெயில். தெற்கு டெக்சாஸில் குளிர்காலத்திலும் இப்படிப்பட்ட மதியங்களில் பாம்பு வெயில் காய வெளியே வரும். காடை சீசன் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ தொடங்கிப் பிப்ரவரி கடைசிவரை போகிறது, அதனால் "குளிர்தானே" என்று சும்மா இருந்துவிட முடியாது. ராஞ்சுக்காரப் பெரியவர் தன் மனைவியின் கெய்ட்டரை, அதாவது பாம்புக்கடி தாங்கக் காலில் கட்டுகிற உறையை, எடுத்துக்கொடுத்து, இதைக் கட்டாமல் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். விழுந்த பறவையைப் பார்த்தபடி நடந்தேன். இடது காலில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, யாரோ பிரம்பால் ஓங்கித் தட்டிய மாதிரி ஓர் அடி. கிலுகிலுப்பைச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அடித்த பிறகுதான், புல்லுக்குள் சுருண்டு பின்வாங்கிக்கொண்டே ஆட்டியது. கெய்ட்டர் துணியில் இரண்டு இடத்தில் இளமஞ்சள் ஈரம். துணிக்கு உள்ளே என் காலில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு நான் பேசியதைவிட அழுததுதான் அதிகம்.

எல்லாப் பாம்பும் எச்சரித்துவிட்டுத்தான் கடிக்கும் என்பதை நம்பாதே. தன் நிறம் புல்லோடும் மண்ணோடும் கலந்திருக்கும்வரை அசையாமல் கிடப்பதுதான் அதற்கு முதல் பாதுகாப்பு. அடிக்க முடிவு செய்துவிட்டால் நீ விலக நேரமே கிடையாது. 2016-இல் வந்த ஓர் ஆய்வில் இந்த வகைப் பாம்பின் பாய்ச்சலை அதிவேகக் கேமராவில் அளந்தார்கள். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கண்ணிமைக்கும் நேரம் என்று நாம் சொல்கிறோமே, கண் இமைக்க அதைவிட அதிக நேரம் வேண்டும்.

இனி என்ன வாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். ஸ்நேக் பூட்ஸ் முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வரும், 16 முதல் 18 அங்குல உயரம். தோலும் கெட்டியான நைலானும் அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருப்பார்கள். பாதம் முதல் கெண்டைக்கால்வரை முழுப் பாதுகாப்பு. ஆனால் புதிதாக வாங்கி அன்றைக்கே போட்டுக்கொண்டு ஏழெட்டு மைல் நடந்தால் குதிகால் உரிந்துவிடும். உனக்கு இருப்பது பத்து நாள்தான், அதனால் இப்போதைக்குக் கெய்ட்டர் போதும். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை பேண்ட்டின் மேல் சுற்றிக் கட்டுகிற உறை அது. சிலவற்றில் உள்ளே கடினமான பிளாஸ்டிக் தகடு இருக்கும். சிலவற்றில் நெருக்கமாக நெய்த துணி மட்டும். தகடு வைத்தது நடக்கும்போது கரகரவென்று சத்தம் போடும். நாயோடு போகிற காடை வேட்டைக்கு அது பரவாயில்லை. மான் வேட்டையில் பரணில் உட்காரப் பதுங்கிப் போகும்போதுதான் தொந்தரவு. தொடைவரை வருகிற சாப்ஸும் கிடைக்கிறது. புல் இடுப்பளவு நிற்கிற ராஞ்சாக இருந்தால் அதைக் கட்டு.

கெய்ட்டரில் எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு: அது பாதத்தை மூடாது. உன் வலைத்துணி ஷூவுக்கு மேல் அதைக் கட்டினால், கெண்டைக்காலுக்குக் கோட்டை கட்டிவிட்டு வாசலைத் திறந்துவைத்த மாதிரி. கணுக்காலுக்கு மேலே வருகிற கெட்டித் தோல் பூட்ஸ் கட்டாயம் வேண்டும். கெய்ட்டரின் முன்பக்கக் கொக்கியை ஷூ லேஸில் மாட்டு, இல்லாவிட்டால் நடக்க நடக்க மேலே ஏறி இடைவெளி விட்டுவிடும். ஜிப் உள்ளதாக இருந்தால் ஜிப்புக்குப் பின்னாலும் அதே கெட்டித் துணி ஓர் அடுக்கு இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து வாங்கு. கடையில் சாயங்காலம் போய்ப் போட்டுப் பார், கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். நல்ல கெய்ட்டர் நூறு டாலர் ஆகும். கடிபட்டால் மருந்துக்கு மட்டும் பல்லாயிரம் டாலர் பில் வரும். அந்த மருந்தை ஒன்றிரண்டு பாட்டிலோடு நிறுத்த மாட்டார்கள், தொடக்கமே நாலு முதல் ஆறு பாட்டில்.

வெக்கை தாங்காமல் இடையில் கழற்றத் தோன்றினால், குறைந்தது ஜீன்ஸ் பேண்ட்டோடாவது இரு, அரைக்கால் சட்டை மட்டும் வேண்டாம். 2009-இல் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட், ஹேய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கையுறைகளில் வெதுவெதுப்பான உப்புநீரை நிரப்பிக் காலைப் போலச் செய்து ராட்டில்ஸ்நேக்கைக் கடிக்க வைத்தார்கள். சிலவற்றை வெறுமனே விட்டார்கள், சிலவற்றின்மேல் ஜீன்ஸ் துணி போர்த்தினார்கள். ஜீன்ஸ் இருந்தபோது உள்ளே இறங்கிய விஷம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பல் துணியில் நுழையத்தான் செய்தது, ஆனால் விஷத்தில் நிறையத் துணியிலேயே நின்றுவிட்டது. நூறு டாலர் இல்லாதவனுக்கும் ஒரு வழி இருக்கிறது என்பதால் இந்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊரில் கட்டை வெட்டுகிறவர்களை நினைத்துக்கொள்வேன்.

கைக்கு எந்தக் கவசமும் கிடையாது, அதை மறந்துவிடாதே. புல்லுக்குள் விழுந்த பறவையைத் துழாவி எடுக்காதே. ஒரு குச்சியால் புல்லை விலக்கிப் பார்த்துவிட்டு எடு, அல்லது நாய் எடுத்துவரட்டும். விழுந்து கிடக்கிற கட்டையைத் தாண்டும்போது முதலில் அதன்மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார், அப்புறம் இறங்கு.

பாம்பைக் கண்டால் விட்டுவிட்டு விலகிப் போ. அடித்துக் கொல்லப்போய்க் கடி வாங்குகிறவர்கள் அதிகம். 2018-இல் கார்ப்பஸ் கிறிஸ்டி பக்கம் ஒருவர் ராட்டில்ஸ்நேக்கின் தலையைத் துண்டாக வெட்டிய பிறகு உடலை அப்புறப்படுத்தக் குனிந்தார். வெட்டிய தலை கடித்தது. அவருக்கு 26 பாட்டில் மருந்து தேவைப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் கடித்துவிட்டால், நம் ஊர் வைத்தியம் எதுவும் வேண்டாம். கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே, ஐஸ் வைக்காதே. மோதிரம், வாட்ச், ஷூவைக் கழற்றிவிடு. வீக்கம் வந்தால் அவை இறுக்கும். வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு மணி எழுதிவை. 911-ஐக் கூப்பிடு, அசையாமல் இரு. அந்தப் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடையாது. ராஞ்சுக் கேட்டின் எண்ணையும் இடத்தின் அடையாளத்தையும் போகும்முன்பே காகிதத்தில் எழுதி வண்டியில் ஒட்டிவிடு, ஒரு நகல் எனக்கும் அனுப்பு. அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது. இறப்பவர்கள் ஏறக்குறைய ஐந்து பேர். நீ செத்துப்போவாய் என்று நான் பயப்படவில்லை. அப்பாவின் கால் உனக்கு வந்துவிடக் கூடாது.

அந்தப் பெரியவரின் மனைவி அன்றைக்கே அந்தக் கெய்ட்டரை எனக்குக் கொடுத்துவிட்டார். மஞ்சள் கறை போகவில்லை, ஆனால் துணி உறுதியாக இருக்கிறது. என்னிடம் இன்னொரு ஜோடியும் இருக்கிறது, ஆண்கள் அளவு. சனிக்கிழமை சாப்பிட வா, உன் தோல் பூட்ஸையும் எடுத்து வா, வீட்டுக்குப் பின்னால் புல்லில் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பார்க்கலாம். தோல் பூட்ஸ் இல்லையென்றால் இன்றைக்கே சொல், மாமாவும் உன் அளவுதான், அவருடையதை எடுத்து எண்ணெய் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா