படப் புத்தகத்தை நீக்கும் முன் தேடுங்கள்

அன்புள்ள விக்கிப்பீடியா பயனர்களுக்கு,

வணக்கம். சிறுவர் படப் புத்தகம் பற்றிய கட்டுரை ஒன்று, அதை நீக்கலாமா வேண்டாமா என்று பயனர்கள் பேசும் நீக்கல் உரையாடலுக்கு வந்தால், "முப்பத்திரண்டு பக்கம், நானூறு சொல்கூடத் தேறாது, இதற்கு எதற்குத் தனிக் கட்டுரை?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இம்மடல்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் நூல்களுக்கென உள்ள குறிப்பிடத்தக்கமை நெறியை, அதாவது ஒரு நூலுக்குத் தனிக் கட்டுரை தகுமா என்று சொல்லும் நெறியைப் பாருங்கள். பக்கக் கணக்கு அதில் எங்கும் வருவதில்லை. நூலோடு தொடர்பற்றவர்கள் அதைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதிய மூலங்கள் குறைந்தது இரண்டு வேண்டும். பெரிய இலக்கிய விருது பெற்றிருந்தாலும் கணக்கில் வரும்.

படப் புத்தக விமர்சனங்கள் இயல்பாகவே சிறியவை. கிர்கஸ், ஹார்ன் புக் போன்ற அமெரிக்க நூல் விமர்சன இதழ்கள் பெரும்பாலும் ஒரு பத்தியோடு முடித்துக்கொள்கின்றன. அந்தப் பத்தியைப் பொறுமையாகப் படியுங்கள். பக்கத்தைத் திருப்பும் இடத்தில் கதை எப்படி மூச்சடக்கி நிற்கிறது, கதை வரிகள் மறைத்ததை ஓவியம் எந்த மூலையில் காட்டிக்கொடுக்கிறது என்றெல்லாம் விமர்சகர் எடைபோட்டிருந்தால், அது முழுமையான விமர்சனமே. தலைப்பும் விலையும் மட்டும் தாங்கிய புதுவரவுப் பட்டியலோடு அதைச் சேர்த்துத் தள்ளுவது அநியாயம்.

தேடும்போது ஓவியரை மறந்துவிடுகிறோம். ஆசிரியர் பெயரை மட்டும் இட்டுப் பார்த்துவிட்டு, "சான்று கிடைக்கவில்லை" என்று எழுதிவிடுகிறோம். படப் புத்தகத்தில் பாதிக் கதை ஓவியருடையது. அமெரிக்காவில் சிறந்த படப் புத்தகத்துக்கென 1938 முதல் வழங்கப்படும் கால்டிகாட் பதக்கம் ஓவியரின் கைக்குத்தான் போகிறது. இணையத்துக்கு முந்திய நூல் என்றால், நூலக அடுக்கில் இருக்கும் பழைய இதழ்த் தொகுதிகளையும் புரட்ட வேண்டும்.

எல்லாப் படப் புத்தகங்களுக்கும் கட்டுரை வேண்டும் என்று நான் வாதாடவில்லை. விற்பனைத் தளத்து நட்சத்திரங்களும் பின்னட்டைப் புகழுரையும் பணம் கட்டி வாங்கிய விமர்சனமும் சான்றாகா. ஒரே ஒரு நல்ல விமர்சனம் மட்டும் கிடைத்தால், ஆசிரியர் பற்றிய கட்டுரையோடு இணைத்து, நூலின் பெயரைத் தேடுவோர் அங்கே போய்ச் சேரும்படி வழிமாற்று கொடுத்துவிடலாம். பின்னாளில் சான்று கிடைத்தால் திரும்பப் பிரித்துக்கொள்ள வழி இருக்கும்.

உரையாடலை முடித்துவைக்கும் நிர்வாகி தலைகளை எண்ணி முடிவெடுக்கக் கூடாது. வாதங்களைத்தான் நிறுக்க வேண்டும். ஆகவே, இனி "நீக்குக" என்று எழுதும்போது, எந்தெந்தப் பெயர்களில், எந்தெந்த இதழ்களில் தேடினீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
சக பயனர் ஒருவர்