பால்காய்ப்புக்கு முன்னால் கிரானைட் வாங்க வருகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆவணி நெருங்கினால் போதும், கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, இது ஒரிஜினல் கிரானைட்தானா?" ஒரு பக்கம் மிஷின் ஓட, இன்னொரு பக்கம் லோடு இறங்க, அந்த இரைச்சலில் நாங்கள் சொல்லும் பதில் பாதிதான் உங்கள் காதில் விழுகிறது. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறோம்.

பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் பாறைக்குழம்பு மெதுவாக ஆறி இறுகியதுதான் கிரானைட். அவசரமில்லாமல் ஆறியதால் உள்ளே இருக்கும் தாதுக்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மணிமணியாக வளர்ந்திருக்கும். சாம்பிள் துண்டை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், கண்ணாடிச் சில்லு மாதிரி தெரிவது குவார்ட்ஸ். வெள்ளை, ரோஸ், சிவப்பு என்று கல்லுக்கு நிறம் கொடுப்பது ஃபெல்ஸ்பார். சாய்க்கும்போது மட்டும் பளிச்சென்று மின்னுகிற கறுப்புத் தகடு மைக்கா, நம் பக்கத்துக் காக்காப்பொன்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், எல்லாரும் கேட்கிற கறுப்புக் கல் கிரானைட்டே இல்லை. அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. டோலரைட், கேப்ரோ என்று வேறு பாறை வகைகள். நம் தென்மாவட்ட மலைகளில் பாதிக்கு மேல் கூட சார்னாக்கைட், நைஸ் என்ற வேறு பாறைகள்தான். பெயரில் மட்டும் காஷ்மீர் வைத்திருக்கும் வெள்ளைக் கல் தமிழ்நாட்டில் வெட்டுவது. அதில் தெரியும் சிவப்புப் புள்ளி கார்னெட் என்ற தாது. வியாபாரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். அதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, இவை எல்லாமே உறுதியான கல்தான். நஷ்டம் வருவது மார்பிளையும் கடப்பா கல்லையும் இதே கணக்கில் சேர்க்கும்போது. அவை இரண்டும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். எலுமிச்சம்பழம் பிழிந்த இடத்தில் பாலிஷ் போய்த் தடம் விழுந்துவிடும். கடினத்தை 10 வரை அளக்கும் அளவுகோலில் மார்பிள் 3, ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கிரானைட் மேடையில் வைத்துக் காய் நறுக்கினால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கத்திதான் மழுங்கும்.

சரி, இவ்வளவு கடினமான கல்லில் எண்ணெய்க் கறை எப்படி வருகிறது? மனசு இறங்காதவரைக் கல்நெஞ்சுக்காரர் என்கிறோம். அசல் கல் அப்படி இல்லை. மணிகளுக்கு இடையே நுண்ணிய சந்துகள் உண்டு. அடியில் கசிந்த நல்லெண்ணெய் பாட்டிலை ஒரு ராத்திரி வெளிர் நிற மேடையில் வைத்துவிட்டால் காலையில் வட்டமாகத் தடம் இருக்கும். வாங்கும்போதே சோதித்துவிடலாம். கல்லின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். துடைத்த இடம் கறுத்துத் தெரிந்தால் அது குடிக்கிற கல். அதற்காக வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சந்துகளில் தண்ணீரும் எண்ணெயும் இறங்காமல் தடுக்கும் சீலர் அடித்துத் தருகிறோம்; தண்ணீர் மறுபடி உள்ளே இறங்கத் தொடங்கினால் திரும்ப அடிக்க வேண்டும். ஏற்கெனவே கறை விழுந்திருந்தால் சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, பாலித்தீனால் மூடி ஒரு நாள் விடுங்கள். புதுக் கறை பெரும்பாலும் போகும், பழசுக்கு நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம். ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். போர் தண்ணீரின் உப்புப் படலம் போகிறதே என்று ஊற்றுகிறார்கள். அது ஜாயிண்டைத் தின்றுவிடும். கல்லில் இருக்கும் இரும்பையும் கிளப்பி மஞ்சளாக்கிவிடும்.

கறுப்புக் கல் எங்கே வாங்கினாலும், எங்களிடம் வாங்கினாலும்கூட, நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தைத் தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயம் ஏற்றிய கல். கொஞ்ச நாளில் வெளுத்துவிடும்.

அப்புறம், உடைவது பற்றி. கல்யாணத்தில் அம்மி மிதிப்பது கல்லைப் போல உறுதியாக நிற்கச் சொல்லித்தான். மேலிருந்து அழுத்துகிற பாரத்தை இந்தக் கல் அபாரமாகத் தாங்கும். வளைக்கிற பாரம் வந்தால் அந்தப் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நெல்லையப்பர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். கல் உத்தரம் நீள இடைவெளியைத் தாங்காது என்பதால்தான் தூண்களை அவ்வளவு நெருக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் மேடைக்கும் இதே விதிதான். 18 மி.மீ. கனத்தில் சதுர அடிக்குச் சுமார் நாலரை கிலோ. எட்டடிக்கு இரண்டடி என்றால் 70 கிலோவைத் தாண்டும். சிங்க் வெட்டிய இடத்தில் முன்பக்கம் மிஞ்சுவது ஒடுக்கமான ஒரு பட்டை. அதற்கு அடியில் தாங்கல் இல்லாமல் ஒட்டினால், மேலே ஏறி நின்று ஃபேன் துடைக்கிற அன்றைக்கு விரிசல்தான். கொத்தனாரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கோயில் என்றதும் இசைத்தூண் ஞாபகம் வருகிறது. அதே நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்துத் தூண்கள் தட்டினால் பாடுவதற்கு விரிசல் இல்லாத ஒரே கல் வேண்டும். சிற்பிகள் கல்லைத் தட்டி, ஓசையை வைத்தே ஆண்கல், பெண்கல் என்று பிரிப்பார்கள். ஓசை எழாத கல் தளத்துக்குப் போகும். நம் ஸ்லாப்பையும் நிறுத்தி வைத்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. ஒரு இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அங்கே தலைமுடி போல மெல்லிய விரிசல் இருக்கலாம், அதை ரெசின் என்ற பசை போட்டு மூடியிருக்கலாம். தயங்காமல் கேளுங்கள்.

வெளிவாசல் படிக்குப் பளபளப்பு வேண்டாம், மழையில் வழுக்கும். கறுப்பாக இருந்தால் சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது. வெளிர் நிறத்தில் ஃபிளேம் ஃபினிஷ், அதாவது மேற்பரப்பைத் தீயால் சுட்ட கல், கேளுங்கள். தீ படும்போது குவார்ட்ஸ் சட்டென்று விரிந்து மேல்மணிகள் தெறித்துவிடும், அதனால்தான் அந்தச் சொரசொரப்பு. வீட்டுக்குள் அது வேண்டாம், அழுக்குப் பிடித்துக்கொள்ளும்.

நிறம் லாட்டுக்கு லாட் மாறும், போனில் அனுப்புகிற போட்டோவை நம்பி ஆர்டர் கொடுக்க வேண்டாம். கொத்தனார் எழுதிய அளவுச் சீட்டோடு, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வாருங்கள். மொத்தத்தையும் ஒரே லாட்டில் எடுத்து, ஸ்லாப் பின்னால் உங்கள் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டுப் போகலாம். சாம்பிள் துண்டுக்குக் காசு கிடையாது.

அன்புடன்,
உங்கள் கிரானைட் கடை,
பாளையங்கோட்டை