கூடத்து நோட்டைத் தேய்த்துக் கொடுத்தவருக்கு

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

முந்தாநாள்தான் மின்சாரம் வந்தது. அந்த வெளிச்சத்தில் எழுதும் முதல் மடல் இது. கஜா புயல் செய்ததை வேதாரண்யம் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அரிசியும் போர்வையும் தார்ப்பாயும் ஏற்றி வந்தவர்கள், விழுந்த தென்னைகளை அறுத்து வழிவிட்ட பிள்ளைகள், கேரளத்திலிருந்து வந்து சேற்றில் நின்று மின்கம்பம் நட்ட ஊழியர்கள் என எல்லோரையும் ஊர் கையெடுத்துக் கும்பிடுகிறது. பாதிப் பேருக்கு ஒரு வாய் மோர்கூடக் கொடுக்க முடியவில்லை. மன்னியுங்கள்.

இனி எழுதப்போவது எங்கள் தெருக்கோடிச் சலவைக்காரரைப் பற்றி.

ஊர்க்கூடத்தின் கூரை போவது இது முதல் தடவையல்ல. 1952 நவம்பர் புயலில் வீடிழந்தவர்கள் மறு வருடமே போட்ட கொட்டகை அது. 1977 புயல் கீற்றைக் கொண்டுபோன பிறகு ஓடு ஏறியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரைச் சனம் அங்கேதான் படுத்திருந்தது. இதற்கெல்லாம் இருந்த ஒரே சாட்சி அலமாரியிலிருந்த கணக்கு நோட்டு. யார் எத்தனை பனஞ்சட்டம் கொடுத்தார், யார் ஒரு வேளைச் சோறு போட்டார் என்பதெல்லாம் அதில் உண்டு. வெளியே எடுத்தபோது ஊறிய அப்பளம் போல் இருந்தது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொன்னவன் நான்தான்.

"கொடுங்கள் தம்பி" என்று சலவைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டிலும் கூரை இல்லை. ஊரே இருட்டில் கிடந்தபோது அவருடைய கரிப்பெட்டிக்கு மட்டும் மின்சாரம் தேவைப்படவில்லை. கொட்டாங்கச்சிக் கரி போட்டு, ஒவ்வொரு தாளுக்கும் அடியிலும் மேலும் பழைய வேட்டித் துணி விரித்து, பெட்டியைக் கன்னத்தருகே பிடித்துச் சூடு பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். அதிகம் சுட்டால் எழுத்து கருகிவிடுமாம். நான்கு இரவுகள். பணத்தை நீட்டியபோது சிரித்தார்.

"எங்கள் அப்பா பேர் இருக்கிறதா, பாருங்கள்" என்று மட்டும் கேட்டார். அவருக்கு எழுத்து தெரியாது.

தேடினேன். கொடுத்தவர்கள் பட்டியலில் இல்லை. செலவுப் பக்கத்தில், திறப்பு நாள் கணக்கில், ஒரு வரி: "மேற்கட்டி கட்டிய வண்ணாருக்கு நெல் 1 மரக்கால்." மேற்கட்டி என்றால் தலைக்கு மேலே விதானமாகக் கட்டும் துணி. பெயர் இல்லை. வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். அந்த வீட்டுக் கல்யாணம் ஒன்றுகூடக் கூடத்தில் நடந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்தாறு வயதில் உறைத்தது.

பெயரைக் கேட்டு அந்த வரியின் பக்கத்தில் எழுதினேன். மை காயட்டும் என்று அவரே ஊதினார்.

தை மாதம் அவருடைய மகளுக்குக் கல்யாணம். கூடத்தில்தான் நடக்கும், ஊரில் பேசிவிட்டேன், முணுமுணுத்தவர்களிடமும் பேசிவிட்டேன். அதற்குள் ஓடு மாற்ற வேண்டும். மிச்சத் தார்ப்பாய் வைத்திருப்பவர்கள் அதுவரை கொடுத்து உதவுங்கள்.