ஹைலண்ட் பார்க் அன்பர்களுக்கும் எடிசன் தோழிகளுக்கும்

நியூஜெர்சியின் ஹைலண்ட் பார்க்கில் எங்கள் சினகாக் என்ற யூதத் தொழுகைக்கூடத்தைச் சேர்ந்தவர்களுக்கும், பக்கத்து ஊரான எடிசனில் இருக்கும் தமிழ்த் தோழிகளுக்கும், ஊரிலிருந்து விடாமல் போன் செய்த சொந்தங்களுக்கும் வணக்கம்.

என் கணவர் காலமாகி, முப்பது நாள் துக்கமும் முடிந்துவிட்டது. சினகாக் செய்திமடலுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டேன். ஆனால் "அங்கே உனக்குன்னு யாரு இருக்கா?" என்று திருச்சியிலிருந்து அத்தையும் சித்திகளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரெல்லாம் இருந்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த மடல். பெயர் போடாதே என்று பலர் சொல்லிவிட்டதால் யார் பெயரும் இதில் இல்லை.

முதல் நன்றி, இன்றுவரை யாரென்று எனக்குத் தெரியாதவர்களுக்கு. இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கத்துக்குத் தயார் செய்ய யூத சமூகங்களில் ஹெவ்ரா கடிஷா என்று ஒரு குழு உண்டு. காசு வாங்குவதில்லை. ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். மந்திரம் போல வசனங்களைச் சொல்லிக்கொண்டு நீர் ஊற்றி, பை வைக்காத வெள்ளைத் துணி உடுத்தி, சாதாரண மரப்பெட்டியில் வைக்கிறார்கள். பணக்காரருக்கும் அதே துணி, அதே பெட்டி. அடக்கம் வரை உடலைத் தனியே விடக்கூடாது என்பதால் இரவு முழுக்க யாரோ வேதத்திலுள்ள சங்கீதப் பாடல்களைப் படித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள்தான் அவர்களும். யார் யார் என்று எங்கள் மதகுருவான ரப்பியிடம் கேட்டேன், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். திருப்பிச் செய்ய முடியாத ஒருவருக்குச் செய்வதுதான் உண்மையான உபகாரம் என்பது அவர்கள் கணக்கு. சரி, இறந்தவர் நன்றி சொல்ல மாட்டார். அவர் மனைவி சொல்லலாம் அல்லவா?

கல்லறையில் வந்தவர்களே மண் தள்ளினார்கள். ஒருவர் தள்ளி முடித்ததும் மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்காமல் மண்ணிலேயே குத்தி வைத்துவிடுவார், அடுத்தவர் தானாக எடுத்துக்கொள்வார். துக்கத்தைக் கைமாற்றி விடக்கூடாது என்பார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள்கூடத் தங்கள் பங்கு மண்ணைப் போடாமல் நகரவில்லை.

அப்புறம் ஷிவா, அடக்கத்துக்குப் பின் வீட்டிலேயே துக்கம் காக்கும் ஏழு நாட்கள். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் துக்க வீட்டார் சாப்பிடும் முதல் சாப்பாடு அவர்களுடையதாக இருக்கக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொண்டு வர வேண்டும். அவித்த முட்டையும் மைசூர்ப் பருப்பு சூப்பும் காத்திருந்தன. வேதக் கதையில் யாக்கோபு தன் அண்ணன் ஏசாவுக்குக் கொடுத்த அந்தப் பருப்புக் கூழே, தாத்தா ஆபிரகாம் இறந்த துக்கத்துக்காகச் சமைத்ததுதான் என்று யூத அறிஞர்களின் விவாத நூலான தால்முத்தில் இருக்கிறது. மடக்கு நாற்காலி, நாங்கள் உட்காரத் தாழ்வான ஸ்டூல், பிரார்த்தனைப் புத்தகங்கள் எல்லாம் கெமாக் என்ற இலவச இரவல் சங்கத்திலிருந்து நான் கேட்பதற்கு முன்பே வந்து இறங்கின. தோரா என்ற யூத வேதச் சுருளை வைக்கச் சிறு பேழை ஒன்றும் வந்தது. ஏழு நாளும் கதவு பூட்டப்படவில்லை. வந்தவர்கள் நான் பேசும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வேதத்தில் துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் அப்படித்தான் ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். (பிறகு வாயைத் திறந்துதான் கெடுத்தார்கள் என்பது வேறு கதை.)

அடக்கத்தை இங்கே தாமதிக்க மாட்டார்கள் என்பதால் அம்மா வந்து சேர ஷிவாவின் நடுப்பகுதி ஆகிவிட்டது. வந்த அன்றே, விடைபெறுபவர்கள் வழக்கமான வாழ்த்து எதுவும் சொல்லாமல் எழுந்து போவதைக் கவனித்துவிட்டு, "நம்ம ஊர் மாதிரியே போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேங்கறாங்களே" என்றாள். அம்மா சுத்த சைவம். வந்த தட்டுகளில் 'பார்வே' என்று ஒட்டியிருந்தது. அப்படியென்றால் இறைச்சியும் பாலும் இல்லை என்றுதான் பொருள், முட்டையும் மீனும் இருக்கலாம். இதை யாரோ கவனித்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து சில தட்டுகளில் 'முட்டை இல்லை, மீன் இல்லை, அம்மாவுக்கு' என்று தனிச்சீட்டு இருந்தது. அதை எழுதிய கைக்கு அம்மா சார்பிலும் நன்றி.

எடிசன் தோழிகளே, யூத உணவு விதிப்படி நடக்கும் எங்கள் கோஷர் சமையலறைக்குள் வெளியே சமைத்தது வரக்கூடாது என்று சொன்னபோது நீங்கள் முகம் சுளிக்கவில்லை. கூடை கூடையாக வாழைப்பழமும் ஆரஞ்சும் கொண்டு வந்தீர்கள், விமான நிலையம் போய் அம்மாவை அழைத்து வந்தீர்கள், இரவில் அவளோடு தமிழ் பேசிக்கொண்டிருந்தீர்கள். அம்மாவுக்குப் பருப்பு சூப்பைவிட அதுதான் தெம்பு தந்தது.

என் மகனுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். தந்தைக்காகப் பதினோரு மாதம் அவன் காடிஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். பத்து ஆண்கள் கூடினால்தான் அதைச் சொல்ல முடியும். பதினைந்து வயதுப் பையன், விடிவதற்கு முன் எழுந்து போகிறான். அவன் போகும்போது அங்கே பத்துப் பேர் இருக்க வேண்டும் என்பதற்காகவே படுக்கையை விட்டு எழுந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வழக்கமாகக் காலைப் பிரார்த்தனைப் பக்கம் வராதவர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இனி படிப்பு. இதைத்தான் ஊர்ச் சொந்தங்களுக்கு விளக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன். ஒருவர் இறந்தால் அவர் நினைவாக முப்பது நாளைக்குள் மிஷ்னா முழுவதையும் பங்கு பிரித்துப் படித்து முடிப்பது வழக்கம். சுமார் கி.பி. 200-இல் கலிலேயாவில் ரப்பி யெகுதா ஹனாசி தொகுத்த சட்ட நூல் அது, 6 பிரிவுகள், 63 நூல்கள். சினகாக் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஷிவா முடிவதற்குள் எல்லாக் கட்டங்களிலும் பெயர் விழுந்துவிட்டது. பல் மருத்துவர் ஒருவர் பாத்திரங்களின் தீட்டைப் பற்றிய கெலிமை எடுத்துக்கொண்டார். 30 அத்தியாயம், மிஷ்னாவிலேயே நீளமானது. கஷ்டமானதும்தான். அவருக்கு என் கணவரை நன்றாகத் தெரியாது.

எனக்கு ஒதுக்கியது பேயா. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைகளுக்கு விடுவது, உதிர்ந்த கதிரைப் பொறுக்காமல் விடுவது, மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாமல் இருப்பது, இதெல்லாம்தான் அதில் சட்டம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாரம் இருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். திருமணத்துக்கு முன் நான் யூத மதத்துக்கு மாறியபோது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தந்தவரும் அவரே. வேதத்தில் போவாஸின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத் வேற்று நாட்டுக்காரி, விதவை. உதிர்ந்த கதிரைப் பற்றிய சட்டம் வந்தபோது இருவரும் கொஞ்ச நேரம் மேலே படிக்கவில்லை.

பேயாவின் முதல் பத்தியிலேயே அளவில்லாதவை என்று ஒரு பட்டியல் வருகிறது. பிறருக்குச் செய்யும் உபகாரமும் தோரா படிப்பும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. தினமும் காலையில் சொல்லும் பிரார்த்தனையில் இதன் விரிவான வடிவம் இருக்கிறது, நோயாளியைப் பார்ப்பதும் இறந்தவரை வழியனுப்புவதும் அதில் உண்டு. அதாவது, என் வீட்டு வாசலில் சாப்பாடு வைத்தவர்கள் அன்று காலைதான் அதை வாய்விட்டுப் படித்திருக்கிறார்கள். இதில் பாசம் குறைவு, கடமை அதிகம் என்று யாருக்காவது தோன்றலாம். எனக்கு அதுதான் சௌகரியமாக இருந்தது. என்மேல் இரக்கப்பட்டு வந்திருந்தால் நான் கூனிக் குறுகியிருப்பேன்.

முப்பதாம் நாள் கடைசி நூலான உக்ட்ஸினின் கடைசி வரியைச் சேர்ந்து படித்து, மகன் காடிஷ் சொல்லி, விருந்தோடு முடித்தோம். என் கணவர் தினம் ஒரு தால்முத் ஏடு படிக்கும் தாஃப் யோமியில் இருந்தவர். 2,711 ஏடுகள், ஏழரை ஆண்டு. 2020 ஜனவரி முதல் நாள் மெட்லைஃப் மைதானத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு முந்தைய சுற்றின் நிறைவு விழாவைப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த சுற்றைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து படித்த நண்பர் இப்போது மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் விட்ட ஏட்டிலிருந்து மகனோடு படிக்கிறார். அதற்கு நன்றி என்று எழுதிவிட்டு எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை, அதனால் நேரிலும் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பாத்திரங்களைக் கழுவி முன்திண்ணையில் வைத்திருக்கிறேன். இறைச்சிப் பாத்திரங்கள் சிவப்பு டேப் ஒட்டிய பெட்டியில், பால் பாத்திரங்கள் நீல டேப் பெட்டியில். பெயர் இல்லாதவை நிறைய. ஞாயிற்றுக்கிழமை வந்து அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.